வெளிர்நீலம்

நுண்ணோக்கிக்குள் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் செல்லை என்ன செய்வது என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. மேல்கோட்டிலும் இடக்கோட்டிலும் ஒட்டியிருந்தால் எண்ண வேண்டும், கீழ்க்கோட்டிலும் வலக்கோட்டிலும் ஒட்டியிருந்தால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றையே இரண்டு கட்டத்தில் இரண்டு தடவை எண்ணிவிடுவோம். எனக்குப் பிடித்த சட்டம் இது, யார் மனசையும் கேட்காது. சாயத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. நீலச் சாயம் ஏறாமல் கண்ணாடி மணி மாதிரி பளிச்சென்று இருந்தால் அது உயிருள்ளது, இடது கையில் இருக்கும் எண்ணும் கருவியை ஒரு அமுக்கு. நீலம் ஏறியிருந்தால் செத்தது, வலது கை. துளி ஏறியிருந்தாலும் வலது கைதான். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாதும்மா, செத்ததுக்குத்தான் கதவு திறந்து கிடக்கும் என்று ஆராய்ச்சி மாணவி நிலோஃபர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள். இப்போது மணி பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கிறது. பதினெட்டுக் குழாயில் பன்னிரண்டு முடிந்திருக்கிறது. ஒரு குழாய்க்கு நான்கு நிமிடம், அதற்கு மேல் போனால் சாயமே உயிருள்ளதையும் கொல்ல ஆரம்பித்துவிடும். ஐஸ் பெட்டியிலிருந்து பதிமூன்றாவதை எடுத்து, ஒரு துளிக்கு ஒரு துளி சாயம் கலந்து, கோடு கீறிய கண்ணாடியில் விட்டு, நிலோஃபர் என் பக்கம் நகர்த்துகிறாள். நகர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறாள். நான் எண்ணும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தன் முகத்தையும் எனக்குக் காட்டுவதில்லை. எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவன் அருள்தாஸ் ஒருவன்தான். ஆய்வுக்கூட உதவியாளர். காலையில் அவன்தான் பழைய பெயர்களை எல்லாம் பிய்த்துவிட்டு ஒன்று முதல் பதினெட்டு வரை எண் ஒட்டி, எது எது என்ற பட்டியலை உறைக்குள் போட்டு ஒட்டி, ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் மேஜையில் வைத்தான். "ஏம்மா பூங்காவனம்மா, காலையிலேர்ந்து கண்ணை எடுக்கல, உள்ள சீரியல் எதுவும் ஓடுதா?" என்கிறான் கதவோரத்திலிருந்து. எண்ணும்போது பேசினால் எண் கொட்டிவிடும். அவனுக்கும் அது தெரியும். கடைசி மூலையும் முடிந்தது. நான்கு மூலைக் கட்டமும் சேர்த்து உயிருள்ளது நூற்று இருபத்தொன்று, செத்தது ஒன்பது. எழுதிவிட்டேன்.

இவ்வளவு பளிச்சென்று இருந்தால் விஷம் வைக்காத குழாய்தான். அதை யாராலும் மறைக்க முடியாது. அதற்கு உறையும் தேவையில்லை, எட்டாவது படித்த எனக்கே தெரியும். முப்பத்தொரு வருடம் இந்தக் கருவிக்குள் கண்ணை வைத்தவள் நான். அப்போது செல் இல்லை, அந்துப்பூச்சி. பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் மையத்தில் முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை இடித்து, சாறெடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம். நெல்மணி மாதிரி மின்னும் நோய்க்கிருமி வித்து ஒன்றே ஒன்று தெரிந்தாலும் அந்தத் தாய்க்கு நோய், அவள் இட்ட முட்டை அத்தனையும் நெருப்புக்கு. இருபத்தெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எனக்கு அடுத்த முக்காலியில் பச்சையம்மாள், என் அக்கா. என்னைவிட வேகம். நான் நூறு பார்த்தால் அவள் நூற்று முப்பது பார்ப்பாள், பார்த்துவிட்டு எனக்காகக் காத்திருப்பாள். இன்று காலை அவள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்க சாப்ட்டீங்களா? எந்த ஊருங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அட, எங்க ஊருதான். எங்க பூங்காவனத்தைத் தெரியுமா? வாயே திறக்க மாட்டா" என்றாள். தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல. சிரிப்பும் வந்தது, அதுதான் கொடுமை. போன வருடம் மறந்தது அடுப்பை. ஆறு மாதம் முன்பு மறந்தது தெருவை. இந்த மாதம் நான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஏழு ஐம்பது பஸ்ஸைப் பிடித்தேன்.

பதினான்காவது. இடது, இடது, வலது, வலது, வலது. நிலோஃபர் வைக்கும் விஷமும் அந்த மறதி வியாதியில் மூளைக்குள் சேர்கிற அழுக்கும் ஒன்றுதானாம். தட்டில் வளர்க்கிற நரம்பு செல் மேல் அதை விட்டால் பாதி செத்துப்போகும். ஆறு குழாய்க்கு விஷம் மட்டும். ஆறு குழாய்க்கு விஷமும் அந்த மருந்தும். மிச்சம் ஆறுக்கு இரண்டும் இல்லை. மருந்து என்று சொல்லாதீங்கம்மா, பெப்டைடு என்று சொல்லுங்க என்பாள். ஹியூமனின் என்று பெயர். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அடுப்பு மாதிரி ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா, அந்த அடுப்புக்குள்ளிருந்து வருகிற ஒரு சின்னச் சங்கிலி. இருபத்து நான்கு மணி கோத்தது. பதினான்காவது மணியை மட்டும் மாற்றிப் போட்டால் வீரியம் பல மடங்கு கூடுகிறதாம், நாங்கள் வைத்திருப்பது அந்த மாதிரி மாற்றியது. இருபத்து நான்கு என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, எண்ணி முடிக்கக்கூடிய எண். இதை முதலில் கண்டுபிடித்தது ஜப்பானில், இந்த வியாதியில் இறந்துபோன ஒருவருடைய மூளையில் கெடாமல் மிச்சமிருந்த பின்பக்கத்திலிருந்து. பின்பக்கம் எதற்கு என்று கேட்டேன். பார்வைக்கு என்றாள். நான் அன்று பூராவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் போன பிறகும் பார்க்கிற இடம் மட்டும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அக்காவும் பார்க்கிறாள், என்னை நன்றாகவே பார்க்கிறாள், யார் என்றுதான் தெரியவில்லை. ஒரு தடவை, தைரியம் வந்து, இதை மனுஷருக்குக் கொடுப்பாங்களா பாப்பா என்று கேட்டேன். நிலோஃபர் சிரிக்கவில்லை. சின்னக் குப்பியைக் கையில் வைத்து அதன் மேல் ஒட்டியிருந்ததைப் படித்துக் காட்டினாள், ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல. "இது தட்டுல இருக்கிற செல்லுக்கும்மா. மனுஷங்க ரொம்ப தூரத்துல இருக்காங்க. நாம இன்னும் முதல் படியில கால் வைக்கல." குப்பியின் அடியில் உப்புத்தூள் ஒட்டினாற்போல இருந்தது, அவ்வளவுதான். அதைக் கழுவப் போடும்போது நான் ஒரு நிமிடம் நின்றேன். ஒரே ஒரு நிமிடம். கழுவாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனால் என்ன என்று. பிறகு மூன்று தடவை கழுவினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உயிருள்ளது ஐம்பத்தெட்டு, செத்தது அறுபத்தொன்பது. எழுதினேன். விஷம் மட்டும் வைத்த குழாய், பாவம்.

இது மூன்றாவது சுற்று, கடைசிச் சுற்று. முதல் சுற்றில் பெப்டைடு காப்பாற்றியது. இரண்டாவதில் காப்பாற்றவில்லை, அல்லது காப்பாற்றியும் எண்ணிக்கையில் தெரியவில்லை. இன்று வருவதைக் கையில் எடுத்துக்கொண்டு மேடம் இரண்டு மணிக்குக் கிளம்பி சென்னைக்குப் போகிறார், நாளைக் கூட்டத்தில் இந்த வேலை இன்னும் இரண்டு வருடம் நடக்கட்டுமா, இத்தோடு மூடிவிடலாமா என்று முடிவாகும். நிலோஃபருடைய மூன்றரை வருடம் இந்தப் பதினெட்டுக் குழாய்க்குள் இருக்கிறது. போன வாரம் பூராவும் ஞாயிறு உட்பட வந்து இந்தச் செல்களுக்குத் தீனி மாற்றினாள். வாணியம்பாடியில் அவள் தங்கைக்கு வளைகாப்பு மாதிரி ஏதோ விசேஷம், அதற்குக்கூடப் போகவில்லை. செல்லை விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்னா, செல்போன்னு நினைச்சுத் திட்டுறாங்கம்மா என்று சொல்லிச் சிரித்தாள். பதினைந்தாவது வந்துவிட்டது. கண்ணை வைத்தேன். இடது, இடது, இடது. முதல் கட்டத்தின் நடுவே ஒன்று. வெளிர்நீலம். பால் கலந்த மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற நீலம். இடது. அடுத்தது பளிச், இடது. அதற்கடுத்தது, நில்.

நில், பூங்காவனம். நடுவே இருந்ததற்கு எந்தக் கையை அமுக்கினாய்? இடது. துளி ஏறியிருந்தாலும் வலது. நான் ஏன் இடது அமுக்கினேன். கண் சரியாகத்தான் பார்த்தது, நீலம் என்றுதான் பார்த்தது, விரல்தான் வேறு சொன்னது. ஏனென்றால் விரலுக்குத் தெரியும், இது பெப்டைடு குழாய். எப்படித் தெரியும்? பதிமூன்று பளிச், விஷமில்லாதது. பதினான்கு விஷம். ஆகவே பதினைந்து. ஏன் ஆகவே? ஒன்று, இரண்டு, மூன்றில் மூன்று ஜாதியும் ஒவ்வொன்று வந்தது. நான்கு, ஐந்து, ஆறிலும் வந்தது, வரிசை மட்டும் மாறி. ஏழு, எட்டு, ஒன்பது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. போன சுற்றில் இப்படி இல்லை, போன சுற்றில் விஷம் மூன்று தொடர்ந்து வந்து நான் பயந்துகூடப் போனேன். இன்று அருள்தாஸ் மூன்று மூன்றாகப் பிரித்திருக்கிறான். ஒவ்வொரு மூன்றிலும் எல்லா ஜாதியும் ஒன்று. இரண்டைப் பார்த்துவிட்டால் மூன்றாவது என்ன என்று கண்ணாடியை வைப்பதற்கு முன்பே தெரியும். சாயத்தின் நான்கு நிமிடத்தில் ஒன்றரை போய்விட்டது. எண்ணு. எண்ண முடியவில்லை. ஒவ்வொரு வெளிர்நீலமும் என்னையே பார்க்கிறது. இதை வலது அமுக்கினால் நேர்மைக்காக அமுக்குகிறேனா, நீலம் என்பதற்காகவா? கொஞ்சம் நீலம் தூக்கலாகத் தெரிந்தால் போதும் என்று வேண்டுமென்றே இந்தக் குழாய்க்குக் கெடுதல் செய்கிறேனா? தெரிந்துகொண்ட கண்ணால் தெரியாத மாதிரி பார்க்க முடியாது. முன்பெல்லாம் தெரியாமல் இருந்ததா? ஆறாவதில், பன்னிரண்டாவதில்? தலைக்கு இப்போதுதான் தெரிந்தது, விரலுக்கு எப்போது தெரிந்தது? தாளைப் பார்க்கிறேன். ஆறாவதில் செத்தது முப்பத்தாறு. பன்னிரண்டாவதில் முப்பத்து நான்கு. நல்ல எண்கள். நிலோஃபர் சந்தோஷப்படுகிற எண்கள். நல்ல எண்ணைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே பயம்தான். பட்டுப்புழு மையத்தில் அன்றும் நல்ல எண்தான், நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி, நோய் பூஜ்யம். ஐந்தரைக்குக் கடைசி பஸ். நூற்று ஒன்பதாவதில் ஓரமாக ஒன்று மின்னியது. நெல்மணி மாதிரி, அல்லது சாறில் மிதக்கிற கொழுப்பு மாதிரி. பஸ் ஹாரன் கேட்டது. கொழுப்பு என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து முனிவெங்கடன் என்கிற விவசாயி ஒரு தட்டு நிறையச் செத்த புழுவைக் கொண்டுவந்து எங்கள் வாசல்படியில் வைத்தார். ஒவ்வொரு புழு மேலும் மிளகுப்பொடி தூவின மாதிரி புள்ளி. அவர் யாரையும் திட்டவில்லை. வைத்துவிட்டு, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இருபத்தெட்டுப் பேரில் யாருடைய கண்ணாடி என்று யாருக்கும் தெரியாது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னோடது இல்லடி" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும். இப்போது கேட்கவும் முடியாது.

சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? இன்றைய எண் எல்லாம் குப்பை. செல்கள் ஐஸில் எவ்வளவு நேரம் தாங்கும்? எல்லாக் குழாயும் சேர்ந்து சாக ஆரம்பித்தால் பெப்டைடாவது விஷமாவது, எல்லாம் ஒரே நீலம். மணி பன்னிரண்டு ஒன்பது. சொல்லாவிட்டால்? மிச்சம் மூன்று குழாய். பன்னிரண்டு நிமிடம். நல்ல எண், மேடம் ரயில், இரண்டு வருடம், அந்த இரண்டு வருடத்தில் ஒருவேளை, ஒருவேளை என்று வருகிறது பார் மனசு, அக்கா தட்டிலிருந்து நிமிர்ந்து, ஏண்டி பூங்காவனம் என்று. இல்லை. அவளுக்கு இது வராது. வந்தாலும் அவளுக்கு அப்புறம் யாருக்கோ, எனக்குத் தெரியாத ஊரில் யாரோ ஒரு தங்கச்சிக்கு. அப்படி வர வேண்டுமென்றால் முதல் படி கல்லாக இருக்க வேண்டாமா, நானே மண்ணைக் குழைத்து வைத்துவிட்டு அதன் மேல் எல்லாரையும் ஏறச் சொல்வதா. வாய் வரவில்லை. அறுபத்து மூன்று வயதிலும் நாலு பேர் முன்னால் வாய் வராது. எண்ணிக்கைத் தாளில் கடைசியாக ஒரு பத்தி இருக்கிறது, குறிப்பு என்று போட்டிருக்கும். நான் அதில் எதுவும் எழுதியதே இல்லை. பேனாவை எடுத்து பதினைந்துக்கு நேரே எழுதினேன். "எது எது என்று தெரிந்துவிட்டது. மூன்று மூன்றாக வருகிறது. விரல் தப்பு செய்கிறது." கையெழுத்தும் போட்டேன். தாளைத் திருப்பி நிலோஃபர் பக்கம் தள்ளினேன்.

அவள் படித்தாள். திரும்பப் படித்தாள். "அருள் அண்ணா" என்றாள். குரல் சின்னதாக வந்தது. "எப்படி நம்பர் போட்டீங்க?" அருள்தாஸ் பெருமையாகத்தான் வந்தான். "இந்தத் தடவை கரெக்டா கலந்தேன். போன தடவை ஒரே சாமான் வரிசையா வந்து அம்மாவே பயந்துட்டாங்கல்ல? பந்தியில பரிமாறுற மாதிரி, ஒவ்வொரு மூணுக்கும் எல்லாம் ஒண்ணொண்ணு. யாருக்கும் குறையில்லாம." நிலோஃபர் நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, கலக்கறதுன்னா சமமா பரிமாறுறது இல்ல. சமமா இருந்தா கண்டுபிடிச்சிடலாம்." அவன் முகம் விழுந்துவிட்டது. "நல்லதுன்னு நினைச்சேன் பாப்பா." நான் அவனுக்காக ஏதாவது சொல்ல வேண்டும். நான் பயந்ததால்தானே அவன் அப்படிச் செய்தான். "தப்பு என் விரலோடது" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நிலோஃபர் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐஸ்ல இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஒவ்வொண்ணுலயும் இன்னொரு தடவை எடுக்கிற அளவுக்கு இருக்கு. அம்மா, பதினெட்டும் மறுபடி எண்ண முடியுமா? சாப்பிடாம?" முடியும் என்று தலையாட்டினேன். பிறகு போதாது என்று தோன்றி, "முடியும்" என்றேன்.

என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கக்கூடாது என்பதால் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பேச்சு மட்டும் கேட்டது. "என் ஹெல்மெட்டுல போட்டுக் குலுக்கு பாப்பா." "அதுல எண்ணெய் வாசனை வருது அண்ணா." "சீட்டுக்கு மூக்கா இருக்கு?" எண் எழுதிய பதினெட்டுச் சீட்டையும் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கியது நிலோஃபர் இல்லை, எடுத்து எண் ஒட்டியதும் அவள் இல்லை, அவள் சுவரைப் பார்த்து நின்றாளாம், எடுத்தது மேடமே. சென்னை கிளம்பக் கட்டிய பட்டுப்புடவையோடு ஹெல்மெட்டுக்குள் கைவிட்டுக் கொண்டிருந்ததாக அருள்தாஸ் பிறகு சொன்னான். என்னை உள்ளே கூப்பிட்டபோது மேடம் இல்லை. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. ஒன்று. கண்ணை வைக்கிறேன். நீலம், பளிச், நீலம், நீலம், வெளிர். வெளிர்நீலம் வலது. வலித்தது, ஆனால் வலது. இரண்டு. மூன்று. மூன்றும் ஒரே மாதிரி நீலமாக இருந்தது. இது எதுவென்று தெரியவில்லை. நான்காவது அதைவிடக் கொஞ்சம் தேவலை. விஷமா, காப்பாற்றியதா, தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மனசு ஆசைப்படப் பார்க்கிறது, எதன் மேல் ஆசைப்படுவது என்று அதற்குத் தெரியவில்லை, அதனால் சும்மா உட்கார்ந்துவிட்டது. ஐந்து. ஆறு. கோட்டின் மேல் ஒன்று, கீழ்க்கோடு, விட்டுவிடு. பசிக்கிறது. எட்டு. அக்கா இப்போது சாப்பிட்டிருப்பாள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஊர் கேட்டிருப்பாள், அவளும் தினம் ஒரு ஊர் சொல்கிறாளாம், அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம், இத்தனை ஊர்க்காரர்கள் தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று. பன்னிரண்டு. கழுத்து மரத்துவிட்டது. கண்ணில் நீர் சுரந்து கட்டம் ஆடியது, துடைத்துவிட்டு அந்த மூலையை முதலிலிருந்து எண்ணினேன். குறிப்புப் பத்தியில் அதையும் எழுதினேன். பதினாறு. பதினேழு. நிலோஃபர் ஜன்னலோரம் விரல்நகத்தைக் கடிக்கிற சத்தம் கேட்கிறது. பதினெட்டு. உயிருள்ளது எழுபத்திரண்டு, செத்தது ஐம்பத்தொன்று. மணி ஒன்று நாற்பத்தொன்று. கருவிகளைக் கீழே வைத்தேன். இரண்டு கட்டைவிரலும் மடங்கவில்லை.

புதுப் பட்டியலைப் போட்டு ஒட்டியிருந்த உறையை மேடம் கிழித்தார். பட்டியலில் இருப்பதைச் சொல்லச் சொல்ல நிலோஃபர் கம்ப்யூட்டரில் எண்களைப் போட்டாள். நான் கண்ணாடியைக் கழுவப் போனேன், தண்ணீரைத் திறக்கவில்லை, திறந்தால் கேட்காது. சும்மா குழாயடியில் நின்றேன். பிறகு மேடம், "கெட்டுப்போன தாளையும் போட்டுப் பாரு, எவ்வளவு தள்ளுதுன்னு தெரியணும்" என்றார். மறுபடி தட்டும் சத்தம். "அம்மா, இங்க வாங்க." போனேன். நிலோஃபர் இரண்டு எண்களைக் காட்டினாள். பதினான்கோடு நின்ற முதல் தாளில், விஷம் மட்டும் வைத்ததைவிடப் பெப்டைடு வைத்ததில் நூற்றுக்குப் பத்தொன்பது செல் கூடுதலாகப் பிழைத்திருந்தது. இரண்டாவது தாளில் பதினொன்று. "அட, எட்டு போச்சே" என்றான் அருள்தாஸ், தன் சட்டைப்பையிலிருந்து போனது மாதிரி. எட்டு. அந்த எட்டும் நான். ஒவ்வொரு வெளிர்நீலத்துக்கும் இடது கையை அமுக்கிய எட்டு. எனக்குத் தலை நிமிரவில்லை. "சாரி பாப்பா" என்றேன். "என்னம்மா சாரி?" நிலோஃபர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், மரத்துப்போன கட்டைவிரலைத் தேய்த்தாள், இப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் விழுந்தது. "பதினொண்ணு நிக்குதும்மா. யாரு வந்து எண்ணினாலும் நிக்கும்." மேடம் இரண்டாவது தாளை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். முதல் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஆனால் கிழிக்காமல், கோப்பில் வைக்கச் சொன்னார். "குறிப்பு தெளிவா இருக்கு பூங்காவனம்மா" என்றார் போகிறபோது. கூட்டத்தில் பதினொன்றை என்ன சொல்வார்களோ தெரியாது. போதும் என்பார்களோ, போதாது என்பார்களோ. தட்டில் இருக்கிற செல்லிலிருந்து மனுஷர் வரைக்கும் எத்தனை படி என்று நிலோஃபருக்கே தெரியாது. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூன்று பேரும் நின்றபடியே சாப்பிட்டோம், அருள்தாஸ் என் புளிச்சோற்றில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான். அந்தப் பதினொன்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவற்றை யாரும் ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை. எது எதுவென்று தெரியாத கண் முன்னால், பசியோடு எண்ணியபோது, அவை தாமாகவே உயிரோடு இருந்தன.